கத்தரிக்கு முன் நீர்

வீட்டிலேயே ஆடை தைப்போருக்கு உற்ற துணை காகித மாதிரியாகும். அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863ஆம் ஆண்டில் பல அளவுகளில் அதனை விற்கத் தொடங்கினார். பின்னர்ப் பத்திரிகைகள் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தன. இன்று கைப்பேசியிலும் கிடைக்கின்றது.

ஆயினும், காகிதம் சுருங்காது, துணி சுருங்கும். பரமக்குடி, எமனேசுவரம் தறிகளில் நாம் நெய்யும் பருத்தித் துணியும் முதற் சலவையில் சற்றுச் சுருங்கக்கூடும். நனைக்காது வெட்டித் தைத்த ரவிக்கை பின்னர் இறுகினால், பழி நெய்தவர்மேல் விழும்.

ஆதலின், துணியை முதலில் நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துக. மாதிரியின் நீளக்கோட்டைப் பாவு இழையோடு பொருத்துக. கோணினால் ஆடையும் கோணும். தையலுக்குரிய விளிம்பு மாதிரியில் சேர்ந்துள்ளதா என்று பார்த்து, இல்லையேல் அரை அங்குலம் கூட்டி வெட்டுக.

துணி விற்கும்பொழுதே இவற்றைக் கூறியனுப்புவது நம் கடமையாகும்.