புது ஸ்பீக்கர் வாங்கிய பேரனுக்கு

கண்ணு, முதல் சம்பளத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். உன் அப்புச்சிக்கு ரேடியோ ரிப்பேர் கடையிலேயே தலை நரைத்துவிட்டது. வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், டேப்ரெக்கார்டர் எல்லாம் என் மேசைக்கு வந்து போயின. இப்போது வருவதெல்லாம் இந்தக் குட்டி உருளைகள்தான். பெட்டி மாறியதே தவிர, அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் அவசரம் மாறவில்லை. அதனால் நான் சொல்வதில் பாதி ஸ்பீக்கரைப் பற்றியும் பாதி உன்னைப் பற்றியும் இருக்கும். பொறுத்துக்கொள்.

1. ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன்னால், அது இப்போது யாருடைய போனோடு சேர்ந்திருக்கிறது என்று பார். ஒரு பெரியவர், "வீட்டில் வாயே திறக்க மாட்டேன் என்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று கொதித்துக்கொண்டு வந்தார். என் மேசையில் வைத்ததும் கணீரென்று பாடியது. விசாரித்தால், மாடியில் இருக்கும் மருமகளின் போனும் அதில் பதிவாகியிருக்கிறது. ஸ்பீக்கரைப் போட்டதும் மாடிப் போன் முந்திக்கொள்கிறது. கீழே இவர் பட்டனோடு மல்லுக்கட்டுகிறார். அந்தப் போனில் ப்ளூடூத்தை அணைத்தால் தீர்ந்தது. அதற்கும் மசியாவிட்டால் உன் போனின் பட்டியலிலிருந்து ஸ்பீக்கரின் பெயரை நீக்கிவிட்டு, ஸ்பீக்கரின் ப்ளூடூத் பட்டனை விளக்கு சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்துப் புதிதாகச் சேர். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன் அந்தப் பெரியவரிடம். கேட்டாரா, தெரியாது.

2. சத்தம் குறைவாக இருந்தால் இரண்டு இடத்தில் பார். பல ஸ்பீக்கர்களில் போனின் வால்யூம் வேறு, ஸ்பீக்கரின் வால்யூம் வேறு. ஒன்றைக் குறைத்து வைத்துவிட்டு மற்றொன்றை உச்சிக்கு ஏற்றினால் கரகரப்புதான் மிஞ்சும்.

3. சார்ஜ் ஏறவில்லை என்று சொல்வார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான். கேபிள், அடாப்டர், பிளக் பாயிண்ட் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றுவார்கள். சார்ஜ் ஏறியதும் எது கெட்டது என்று தெரியாமல் பழைய மூன்றையும் தூக்கிப் போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிய பிறகு பொறுத்திருந்து பார். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் இதற்காகவே என் கையைத் தட்டிவிடுவார்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கிற புது கேபிளில் சில மலிவு ஸ்பீக்கர்களுக்குச் சார்ஜே ஏறாது. டைப்-சி அடாப்டர், எதிரில் கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் விடும். அந்த அடையாளத்தைக் காட்ட ஸ்பீக்கரின் உள்ளே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இருக்க வேண்டும். பைசாக் கணக்கு பார்த்து அவற்றை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பழைய சப்பை வாய் யுஎஸ்பி அடாப்டர் எதையும் கேட்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடும். ஆகவே பெட்டியோடு வந்த கேபிளைப் பத்திரமாக வை. செத்துவிட்டது என்று குப்பைக்குப் போக இருந்த ஸ்பீக்கர்கள் பழைய கேபிளில் எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

4. "தண்ணீர் புகாது" என்பதை முழுதாகப் படி. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். எக்ஸ் என்கிற இடம் தூசிக்கு உரியது. அங்கே 6 என்ற எண் இருந்தால்தான் தூசி புகாது. கடல் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் அந்தக் கணக்கில் இல்லை. கன்னியாகுமரிக்குப் போய் ஸ்பீக்கரையும் கடலில் குளிப்பாட்டிய ஒரு பையன், ஈரம் காயும் முன்பே அன்று இரவு சார்ஜ் போட்டுவிட்டான். என்னிடம் வரும்போது சார்ஜ் வாய்க்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்பு பட்டால் மூடியை இறுக்கி மூடி நல்ல தண்ணீரில் அலசு. வாய் நன்றாகக் காயும் வரை சார்ஜ் போடாதே.

5. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. அதற்கு வெயில் ஆகாது. சித்திரை மாதத்தில் காருக்குள் விட்டுப் போகாதே. மாதக் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு வை, அறவே தீர்ந்த நிலையில் வைக்காதே. ஒருநாள் மேசையில் நேராக நின்ற ஸ்பீக்கர் ஆட ஆரம்பித்து, அடி ரப்பர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால், பேட்டரி உப்பியிருக்கிறது. அத்தோடு நிறுத்திவிடு. குத்தாதே, அழுத்தாதே, சார்ஜ் போடாதே. மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடு. "நீங்களே ஏதாவது பண்ணிக் கொடுங்கள்" என்று அழுத வாடிக்கையாளர்களுக்கும் நான் முடியாது என்றுதான் சொன்னேன். கூலி போகும், பரவாயில்லை. தெரிந்த வேலையிலும் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு.

6. பாட்டு விட்டுவிட்டு வந்தால் போனைப் பின் பாக்கெட்டிலிருந்து எடு. ப்ளூடூத் போவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். நம் உடம்பின் தண்ணீர் அதை விழுங்கும். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பாதையில்தான் நெரிக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு 10 மீட்டர்தான் கணக்கு, நடுவில் சுவர் வந்தால் அதுவும் இல்லை.

7. உருளையின் இரண்டு பக்கமும் அதிர்கிற வட்டம் விளையாட்டுக் காட்டுவதற்காக வைத்ததல்ல. கனத்த ஓசையை அதுதான் தள்ளுகிறது. விரலால் அமுக்கிப் பார்க்காதே, சுவரோடு ஒட்டி அடைக்காதே. இரும்பு பீரோ மேல் வைத்துவிட்டு "ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது" என்று வந்தவர்கள் உண்டு. நடுங்கியது பீரோவின் கதவு.

8. காது எல்லார்க்கும் உண்டு. மாரியம்மன் நோன்பிக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில், மைக் செட்காரர் ஊருக்குள் வந்ததும் முதலில் கேட்பது, "யார் வீட்டில் சீக்காளி இருக்கிறார்கள், யார் வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்?" என்றுதான். கேட்டுவிட்டுக் குழாயை வேறு திசைக்குத் திருப்பிக் கட்டுவார். அப்போது அவரைக் கேட்கச் சொல்லி யாரும் சட்டம் காட்டவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்த பிறகு, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று அளவும், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடையும் வந்தன. உன் கையளவு பெட்டி, பக்கத்தில் நின்றால் 80ஐச் சாதாரணமாகத் தாண்டும். பஸ்ஸில் அதைப் போடுகிறவனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நீ மொட்டை மாடியில் போடு, வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு முறை போய், "சத்தம் வருகிறதா?" என்று நீயே கேள்.

9. வயதானவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவர்கள் கையிலிருந்து பிடுங்காதே. நீ சரசரவென்று அழுத்தி முடித்தால் பாட்டு வரும், அவர்களுக்குப் பயம்தான் தங்கும். ஸ்பீக்கரைப் போட்டதும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அதட்டும் அல்லவா? உன் அம்மாயி முதல்நாள் யாரோ வந்துவிட்டார்கள் என்று வாசலைப் பார்த்தாள். எந்தப் பட்டன் என்று காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில். அவள் விரலே அழுத்தட்டும்.

10. எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக ரீசெட். கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும். கையேட்டைத் தேடிப் படி, ஊகத்தில் அழுத்தாதே. ரீசெட் செய்தால் பதிவான போன்கள் எல்லாம் அழிந்து, ஒவ்வொன்றையும் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடு. இல்லாவிட்டால் விடிகாலை ஐந்து மணிக்குச் சாமிப் பாட்டு வரவில்லை என்று அம்மாயி எழுப்பப் போவது உன்னைத்தான்.