நெறியும் பிழையும்: ஒரு சொல்லாய்வு

திருத்தேர் உலா வரும் வீதியில் வடம் பிடிப்போர் பலர்; அவர்களை அனைவரும் காண்பர். சக்கரத்தின் அருகே குனிந்து நின்று முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. அவர்களைக் காண்போர் அரியர். தேரின் போக்கு ஒருபுறம் சாயுங்கால், சக்கரத்தின் கீழ்க் கட்டையை இட்டு அதனை நேர்வழிக்குத் திருப்புவோர் இவர்களே. உலக வழக்கில் முட்டுக்கட்டை என்பது தடை என்று பொருள்படினும், தேர்வீதியில் அது நெறிப்படுத்தும் கருவியாகும். விலகுதலும், விலகியதைத் திருப்புதலும் தேருக்கு மட்டுமன்றி மாந்தர் வாழ்வுக்கும் உரியன. அவ்விலகுதலைக் குறிக்கத் தமிழில் அமைந்த சொற்கள் பல. ஒவ்வொன்றும் தனித்தனி நுட்பம் உடையது.

'வழுவுதல்' என்பது வழுக்குதலோடு உறவுடைய சொல். வழுக்கு நிலத்தில் கால் சறுக்குவான் விழ விரும்பி விழுவதில்லை. ஆதலின் வழுவுதலில் அறியாமையும் அயர்வும் மிகுதி. 'பிறழ்தல்' இடம் மாறுதலைக் குறிக்கும். நீரில் கெண்டை புரள்வதும் பிறழ்தலே. முறை மாறுவதும் பிறழ்தலே. 'கோடுதல்' வளைதலாகும். வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். எனவே நடுவுநிலையில் நிற்க வேண்டியோர் ஒருபால் சாய்வதற்கு இச்சொல் பெரிதும் பொருந்தும். 'திறம்புதல்' கொடுத்த சொல்லினின்றும் ஏற்ற நெறியினின்றும் மாறுதலாம். தந்தையின் சொல் திறம்பாது கானகம் ஏகிய இராமபிரானின் பெருமை இச்சொல்லின் எதிர்மறையிலேயே விளங்கக் காணலாம்.

வடமொழியிலிருந்து வைணவ வழக்கில் நிலைத்த சொல் 'அபசாரம்'. 'சர' என்னும் வினையடி செல்லுதலைக் குறிக்கும். 'அப' என்னும் முன்னொட்டு அகலுதலைக் குறிக்கும். அகன்று செல்லுதல் அபசாரம். அணுகிச் செல்லுதல் உபசாரம். அடி ஒன்றே, திசையே வேறு. பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில், முக்தியை விரும்புவோன் விலக்க வேண்டியவற்றை நான்காக வகுத்தருளினார். சாத்திரம் விலக்கியதைச் செய்தலாகிய அக்ருத்ய கரணம், பகவத் அபசாரம், பாகவத அபசாரம், அஸஹ்ய அபசாரம் என்பன அவை. இவை ஒன்றினும் ஒன்று கொடியன. பொருளும் ஆசையும் காரணமாக அடியாரிடம் பகை கொள்ளுதல் மூன்றாவது. யாதொரு காரணமும் இன்றியே பகவானிடமும் பாகவதரிடமும் வெறுப்புறுதலும், ஆசாரியனிடம் பிழைபடுதலும் நான்காவதில் அடங்கும். எம்பெருமானுக்கு உபசாரம் பல செய்தும், வரிசையில் உடன் நிற்கும் அடியாரை இகழ்ந்து தள்ளுவோன், அணுகுவதாக எண்ணி அகன்று செல்கின்றான் என்பது இதனால் பெறப்படும்.

விலகல் யாவும் குற்றமோ எனின், அன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களைக் கூறும் நன்னூல், தக்க காரணம் பற்றி ஏற்கப்படும் வழுவை 'வழுவமைதி' எனக் கொள்ளும். உவகை மிகுதியால் பசுவைத் தாய் என அழைத்தல் திணை பிறழ்ந்ததாயினும் குற்றமாகாது. அன்பு அதனை அமைக்கின்றது. பக்தியிலும் இவ்வமைதி உண்டு. காப்பவன் இறைவன்; காக்கப்படுபவன் உயிர். பெரியாழ்வாரோ, எல்லோரையும் காக்கும் பெருமானுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சி, 12 பாசுரங்களால் திருப்பல்லாண்டு பாடி வாழ்த்தினார். ஞானத்தின் நிலையில் முறையாக நிற்கும் இவ்வுறவு, பிரேமத்தின் நிலையில் தட்டு மாறும் என்பது பிள்ளை லோகாசாரியர் காட்டிய விளக்கம்.

இனி, உண்மையாகவே பிழைபட்டோரின் கதி யாது? 'பிழைத்தல்' என்னும் சொல்லே இதற்கு விடை கூறுவது போல் அமைந்துள்ளது. தவறு செய்தலும் பிழைத்தல். அழியாது உயிர் வாழ்தலும் பிழைத்தல். 'தப்புதல்' என்பதும் அத்தகையதே. பிழைத்தவனும் பிழைக்க வழி உண்டு என்பதற்குக் குருபரம்பரை கூறும் கூரத்தாழ்வான் வரலாறு சான்றாகும்.

இராமானுசருடைய காவி உடுத்துச் சோழன் அவைக்குச் சென்ற ஆழ்வான், கொள்கை திறம்பாமையால் கண்களை இழந்தார். அத்துன்பத்துக்குக் காரணமாயிருந்தவருள் ஒருவன் அவருடைய மாணாக்கனாகிய நாலூரான். பின்னாளில் காஞ்சிப் பேரருளாளன் திருமுன்பு வரதராஜ ஸ்தவம் விண்ணப்பித்த ஆழ்வான், இராமானுசர் பணித்தபடி கண்களை வேண்டாது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றே வரம் வேண்டினார். பெருமானும் அருளினான். நாலூரான் செய்தது பாகவத அபசாரம். அவனை மீட்டதும் ஒரு பாகவதரின் நெஞ்சமே. இழைத்தவன் மீள, இழைக்கப்பட்டவரின் பொறுமை வழியாயிற்று.

எனவே ஒருவன் வழுவியது கண்டவிடத்து, அவ்வழுவைப் பிறர்க்கு எடுத்துரைப்பது எளிது. அவனுக்காக வேண்டி நிற்பது அரிது. தேர் சாய்ந்தது என்று கூவுவோர் பலராயினும், குனிந்து கட்டை இடுவோராலேயே அது நிலை சேர்கின்றது. திருவிழாவுக்கு வரும் அடியார்கள், தம்மிடம் பிழைத்தவர் ஒருவரையேனும் நெஞ்சாரப் பொறுத்துத் திரும்புவாராயின், எம்பெருமானுக்கு அதனினும் உகந்த உபசாரம் வேறில்லை.