சிமென்ட்டுக் குழம்பின் ஓட்டமும் பொருந்தாச் சேர்க்கையும்

கான்கிரீட்டில் சேரும் பொருள்கள் தனித்தனியே தரச் சோதனையில் தேறியிருப்பினும், ஒன்றுகூடும்போது இணங்காமற் போவதுண்டு. அப்போது கலவை, வார்த்து முடியுமுன்பே இறுகத் தொடங்கும். உடனே நீரைக் கூட்டி அதனை இளக்குவது பல பணியிடங்களில் காணப்படும் தவறான வழக்கமாகும். மிகையாகச் சேர்த்த அந்நீர் வலிமையைக் குறைத்துவிடும். வார்த்த தூணை இடிப்பதினும், அரைக் கிலோ சிமென்ட்டைக் கொண்டு முன்னதாகவே சோதித்தறிதல் எளிதன்றோ?

காரணம் யாது?

சிமென்ட்டிலுள்ள கால்சியம் அலுமினேட் நீருடன் மிக விரைந்து கூடும் இயல்பினது. அவ்வேகத்தை அடக்கவே ஆலையில் ஜிப்சம் சேர்த்து அரைக்கின்றனர். அரைவையின்போது வெப்பம் மிகுந்தால், ஜிப்சம் தன்னுள் அடங்கிய நீரை இழந்து, அதன் கரையும் வேகம் மாறிவிடும். கரைந்த சல்பேட் போதாதவிடத்து, அலுமினேட் நீர்குறைப்பி இரசாயனத்தையும் கவர்ந்துகொள்ளும். மணலிற் கலந்த சில களிமண் வகைகளும் பாலிகார்பாக்சிலேட் நீர்குறைப்பியை ஈர்த்து வீணாக்கும்.

சோதனை முறை

1980-ஆம் ஆண்டில் கான்ட்ரோ என்பார் வெளியிட்ட சிறு கூம்புச் சோதனை இதற்கு ஏற்றது. கூம்பின் உயரம் 57 மி.மீ.; மேல்வாய் விட்டம் 19 மி.மீ.; அடிவாய் விட்டம் 38 மி.மீ.

500 கிராம் சிமென்ட்டுடன் 175 கிராம் நீரும், பணிக்கெனக் குறித்த விகிதத்தில் நீர்குறைப்பியும் சேர்த்து நன்கு கலக்குக. நீர்குறைப்பியில் உள்ள நீரையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மட்டமான கண்ணாடித் தட்டின்மீது கூம்பை நிறுத்திக் குழம்பை நிரப்பி, நேராக மேலே தூக்குக. பரவிய வட்டத்தை ஒன்றுக்கொன்று குறுக்காக இருமுறை அளந்து சராசரி காண்க. மீதிக் குழம்பை ஈரத் துணியால் மூடிவைத்து, 30, 60 நிமிடங்களில் மீண்டும் கலக்கி அளவிடுக.

முடிவை அறிதல்

60 நிமிடத்திலும் பரவல் பெரிதும் குன்றாவிடில், பொருள்கள் இணக்கமுடையன எனக் கொள்ளலாம். தொடக்கத்தில் நன்கு பரவி, 30 நிமிடத்தில் சுருங்கினால் பொருத்தமின்மையை ஐயுறுக. இறுகிய குழம்பு மீண்டும் கலக்கியவுடன் இளகுமாயின் அது பொய்யிறுகல் ஆகும். வட்டத்தின் விளிம்பில் தெளிநீர் கசிந்தால் நீர்குறைப்பியின் அளவு மிகுதி என்றறிக.

அடுத்து ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். முதலில் வேறு தொகுதிச் சிமென்ட்டையும், பின்னர் வேறு நீர்குறைப்பியையும் கொண்டு பார்த்தால், குறை எதனிடம் உள்ளது என்பது விளங்கும். மணலில் ஐயமிருப்பின், அதிலிருந்து 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூளைச் சிறிது குழம்பிற் சேர்த்து ஒப்பிடுக.

ஊழியர் கவனிக்க வேண்டியவை இரண்டு. வேனிற்காலப் பணிக்குரிய பொருள்களைக் குளிர்ந்த அறையில் சோதித்துப் பயனில்லை; பணியிடத்து வெப்பநிலையிலேயே சோதித்தல் வேண்டும். மேலும், குழம்புச் சோதனை ஐயத்தைக் காட்டுவதேயன்றி, முழுக் கான்கிரீட்டின் முன்னோட்டக் கலவைக்கு ஈடாகாது. நன்கு ஒழுகிய ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிறிது சிமென்ட்டைக் காற்றுப் புகாத புட்டியில் சேமித்து வைப்பின், அடுத்த தொகுதி வந்தவுடன் ஒப்பிட்டறிய அது பெரிதும் உதவும்.