சர்க்கரை இறங்கினாலும் செல் மறப்பதில்லை!

"மாத்திரையை விட்டு ரெண்டு மாசமாச்சுங்க வைத்தியரே. ஒரு தொந்தரவும் இல்லை. ஆடிப்பெருக்கு முடியட்டும்னு இருந்துட்டேன்."

கொல்லிமலை எடப்புளி நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் சொன்னது இது. பரிசோதித்தால் சர்க்கரை 340! "பத்து நாள் பத்தியம் இருந்தா இறங்கிடாதுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இறங்கும். ஆனால் அந்த ரெண்டு மாசம் ஏறிக் கிடந்ததே, அதன் கணக்கு என்னாவது? இதற்குப் பதில் கிடைத்தது ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்க்கும் செல்களிலிருந்துதான்.

தட்டில் வளரும் செல்

நம் உடம்பின் செல்களைத் தனியே எடுத்து, சத்து நீர் ஊற்றி, 37 டிகிரி சூட்டில் வளர்க்கலாம். பிரசவத்துக்குப் பின் வெட்டியெறியும் தொப்புள்கொடியின் ரத்தக்குழாய் செல்கள்கூட இப்படி வளரும். சத்து நீரில் எவ்வளவு சர்க்கரை (குளுக்கோஸ்) சேர்ப்பது என்பது ஆராய்ச்சியாளர் கையில். ஒரு தட்டில் 100 மில்லி நீருக்கு 90 மில்லிகிராம், இன்னொன்றில் 540. பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எதை ஒப்பிடுகிறார்கள்?

ஜீன் என்கிறோமே, அதை ஒரு சமையல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா செல்லிலும் ஒரே சமையல் புத்தகம்தான். எந்தப் பக்கத்தைத் திறந்து சமைக்கிறது என்பதில்தான் கல்லீரல் செல்லுக்கும் தோல் செல்லுக்கும் வித்தியாசம். சர்க்கரை கூடினால் புத்தகம் மாறுவதில்லை. திறக்கும் பக்கம் மாறுகிறது.

கல்லீரல் செல்லில் சர்க்கரை நிறைந்தால், அதைக் கொழுப்பாக்கும் ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. அதைத் தட்டியெழுப்பும் புரதத்தை 2001-ல் கண்டுபிடித்தார்கள். சிறுநீரக செல்லோ, நார்ப்பொருளை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. ரத்தக்குழாய் செல் பாடு இன்னும் மோசம். வெளியே சர்க்கரை கூடினாலும் "போதும்" என்று கதவைச் சாத்த அதற்குத் தெரியாது.

பட்டினியும் ஆபத்துதான். சர்க்கரையே இல்லாமல் வாடவிட்டால், செல் வேறு சில ஜீன்களைத் திறந்து அபாய மணி அடிக்கிறது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடப்பவர்கள் கவனிக்க!

16 மணி நேரம் போதும்

2008-ல் வெளியான ஓர் ஆய்வு. ஆஸ்திரேலியாவின் அசாம் எல்-ஓஸ்டா குழுவினர், மனிதப் பெருந்தமனியின் செல்களை 16 மணி நேரம் மட்டும் 540 அளவுச் சர்க்கரையில் வைத்தார்கள். பிறகு 90-க்கு மாற்றி, ஆறு நாள் விட்டார்கள். அப்போதும் அழற்சியைத் தூண்டும் ஒரு ஜீன் அடங்கவில்லை! பக்கத்தை மூடினாலும், நடுவில் செருகிய அடையாளச் சீட்டு அப்படியே இருந்தது.

தட்டில் நடந்தது மனிதனுக்குப் பொருந்துமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் தேவைப்படும் 1,441 பேரை 1983 முதல் 1993 வரை கவனித்தார்கள். ஒரு பிரிவினர் கறாராகச் சர்க்கரையைக் கட்டினார்கள். ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முதலில் கட்டியவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்பு பல வருஷம் குறைவாகவே இருந்தது. கெட்டதை மட்டுமல்ல, நல்லதையும் உடம்பு ஞாபகம் வைக்கிறது.

விளம்பரத்தில் ஏமாறாதீர்கள்

இன்னொன்றையும் சித்த மருத்துவனாகிய நானே சொல்லவேண்டும். "ஆய்வில் நிரூபிக்கப்பட்ட மூலிகை" என்று விளம்பரம் வந்தால், எந்த ஆய்வு என்று கேளுங்கள். தட்டிலுள்ள செல்லில் மூலிகைச் சாற்றை நேராக ஊற்றுகிறார்கள். நாம் குடிக்கும் கஷாயமோ வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் தாண்டிப் போகவேண்டும். தட்டில் பலித்தது ஆரம்பம்தான், முடிவல்ல. சிறுகுறிஞ்சானை நம்பி இன்சுலினை நிறுத்தாதீர்கள். எந்தச் சூரணம் சாப்பிட்டாலும் இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.

என்ன செய்யலாம்?

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த கொல்லிமலைக் காடுகளில் மரவள்ளிக் கிழங்கு பரவிவிட்டது, சோறும் கூடிவிட்டது. சிறுதானியம் நல்லதுதான். ஆனால் அதிலும் மாவுச்சத்து உண்டு. அளவோடு, கீரை, பயறு சேர்த்துச் சாப்பிடவேண்டும்.

சாப்பிட்டபின் கொஞ்சம் நடங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைத் தவறாமல் செய்யுங்கள். தொந்தரவு இல்லை என்பதை வைத்து எதையும் நிறுத்தாதீர்கள். கட்டுப்பாட்டை விட்டுவிட்டவர்கள், "இனி என்ன பண்ணி என்ன?" என்று சோரவும் வேண்டாம், இன்றைக்கு ஆரம்பித்தாலும் லாபம்தான்.

பெரியவரிடம் அந்த அடையாளச் சீட்டுக் கதையைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நமக்கு மறந்தாலும் உடம்புக்கு மறக்காதுங்களா? அப்ப மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரை இன்னைக்கே பாத்துடறேன்" என்று எழுந்தார்.

நீங்களும்தான்!