ஸ்டார் ஏசி இருக்கட்டும், கூரையைக் கவனித்தீர்களா?

நம்பிக்கை: "வீட்டை எப்படிக் கட்டினா என்ன சார்? அஞ்சு ஸ்டார் ஏசி வாங்கி, மாடியில சோலார் போட்டுட்டா போதும்."

உண்மை: போதாது. எத்தனை முறை சொன்னாலும் பிளானோடு வருகிறவர்கள் இதையே திரும்பச் சொல்கிறார்கள். எலிவேஷனுக்கு மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள்; கூரையைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது!

உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை வெளியே தள்ள ஏசிக்கு எவ்வளவு கரண்ட் ஆகும் என்பதைத்தான் ஸ்டார் முத்திரை காட்டும். எவ்வளவு வெப்பம் உள்ளே வரும் என்பது கூரையும் மேற்குச் சுவரும் பார்த்துக்கொள்கிற விஷயம். சென்னையில் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பகலெல்லாம் காய்ந்த ஐந்து அங்குல கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி சீலிங்கில் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதிப்படி, வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது. வெறும் கான்கிரீட்டில் 3 வாட்டுக்கு மேல் இறங்கும். இதைச் சமாளிக்கத்தான் சோலார் என்றால், மத்திய அரசின் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயோடு நின்றுவிடும். அதற்கு மேல் போடும் பேனல் எல்லாம் உங்கள் கைக்காசு.

மாடியில் வெதரிங் கோர்ஸ் எப்படியும் போடத்தான் போகிறீர்கள். அதன்மேல் சிவப்புத் தட்டோட்டுக்குப் பதில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதியுங்கள். படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர் ரூமை மேற்கே தள்ளுங்கள்; படுக்கையறையை அங்கே வைக்காதீர்கள்.

நம்பிக்கை: கெட்டித் திரை போட்டால் வெயில் வராது.
உண்மை: கண்ணாடியைத் தாண்டிய வெயில் வந்த வெயில்தான். ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடு வேண்டும்.

நம்பிக்கை: ஏசியை 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும்.
உண்மை: கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும், அவ்வளவுதான். 24 போதும்.

நம்பிக்கை: பிளக்கில் செருகும் 'பவர் சேவர்' பில்லைக் குறைக்கும்.
உண்மை: குறைக்காது. வாங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடாமல் பேவர் பிளாக் பதிக்கிறீர்களே, அது ஏன்? மேற்கே இடம் இருந்தால் அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி ஒரு புங்கை நடுங்கள். இடமில்லையா, தெருவோரம் நடுங்கள். கட்டட வேலை தொடங்கும்போதே கன்றை வைத்துவிடுங்கள். சுவர் எழுப்பச் சில மாதம் போதும், மரம் நிழல் தர வருடக்கணக்காகும்.