சொல்லப் பழகும் உவகை

நுழையும்முன்

குழந்தை அழுதால் ஏன் என்று கேட்கிறோம். சிரித்தால் பெரும்பாலும் கேட்பதில்லை. துயரத்தைப் போல மகிழ்ச்சியும் பேசிப் பழகவேண்டிய உணர்வே. அதற்கான ஒரு வழியைத் தொல்காப்பியத்தின் துணையோடும் மதுரைச் சித்திரைத் திருவிழாவின் வழியாகவும் காண்போம்.

ஆற்றங்கரையில்

சித்திரை முழுநிலவு நாளின் விடியற்பொழுது. அழகர்மலையிலிருந்து புறப்பட்டு வந்த கள்ளழகர், தங்கக் குதிரை வாகனத்தில் வைகையாற்றில் இறங்குகிறார். தந்தையரின் தோள்களில் குழந்தைகள் அமர்ந்திருக்கின்றனர். கருப்பசாமி வேடமிட்டோர் தோற்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகின்றனர். சர்க்கரை நிறைந்த செம்புகளில் சூடம் எரிகிறது.

வீடு திரும்பிய பேரனிடம் அப்பத்தா கேட்கிறார்: “திருவிழா நல்லா இருந்துச்சா?” அவன் “ம்” என்கிறான். உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே அப்பத்தா, “தண்ணி மேல பட்டப்ப என்னய்யா செஞ்ச?” என்று கேட்டிருந்தால், “மூச்சே நின்னுபோச்சு அப்பத்தா! அப்புறம் சிரிப்பா வந்துச்சு. இன்னொரு வாட்டி அடிங்கன்னு கத்துனேன்” என்று அவன் சொல்லியிருக்கக்கூடும். முதற்கேள்வி உணர்வுக்குப் பெயர் கேட்டது. இரண்டாவது உடலில் நிகழ்ந்ததைக் கேட்டது. சிறுவர்க்கு எளியது இரண்டாவதே.

மெய்யில் தோன்றுவது

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். ‘மெய்’ என்பது உடல். பொருளதிகாரத்தின் ஆறாம் இயலான மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டனைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனவும் வகுக்கிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியன உவகைக்கு உரியவை. விளையாட்டு இவ்வரிசையில் இடம்பெற்றிருப்பதைப் பெற்றோர் பலர் அறிந்தால் நன்று.

இவ்வகைப்பாட்டில் நகையும் உவகையும் வெவ்வேறாக வைக்கப்பட்டுள்ளன. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றால் நகை பிறக்கும். வகுப்பறையில் ஒரு மாணவன் கால் இடறி விழுகிறான், சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர், விழுந்தவனும் சேர்ந்து சிரிக்கிறான். வெளியிலிருந்து காண்போர்க்கு அனைவரும் மகிழ்வதாகவே தோன்றும். ஆயின் சுற்றியிருந்தோர் சிரிப்பு எள்ளல். விழுந்தவன் சிரிப்பு இளிவரலை மறைக்கும் திரை. “நீ சிரித்தாயே, உனக்கு எப்படி இருந்தது?” என்று ஆசிரியர் அவனைத் தனியே அழைத்துக் கேட்காவிடில், அத்திரை விலகாமலே போகும்.

கடினமான கணக்கை முடித்த சிறுமியின் முகமலர்ச்சி வேறு. அது கல்வியால் வரும் பெருமிதம். தோழி ஊரிலிருந்து வந்துவிட்டாள் என்னும் குதூகலம் வேறு. இவை அனைத்திற்கும் இன்றைய சிறுவர் ‘ஜாலி’ என்னும் ஒரே சொல்லைக் கையாள்கின்றனர். அச்சொல் மீது நமக்குப் பகையில்லை. அது ஒன்றே போதாது என்பதுதான் குறை. களிப்பு, பூரிப்பு, நிறைவு, நிம்மதி, கும்மாளம் எனத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பெரியோர் தம் பேச்சில் அவற்றை வழங்கினால் பிள்ளைகளும் எடுத்துக்கொள்வர்.

தெரிந்து தெளிவோம்

சார்லஸ் டார்வின், மனிதரும் விலங்குகளும் உணர்வுகளை வெளிப்படுத்தும் முறை பற்றிய தம் நூலை 1872இல் வெளியிட்டார். உண்மை மகிழ்ச்சியில் வாயோரத் தசையோடு கண்ணைச் சூழ்ந்த தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் கண்டறிந்ததை அந்நூல் எடுத்துரைக்கிறது.

வாயடைக்கும் சொற்கள்

“ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழுவே” என்னும் எச்சரிக்கையைக் கேளாத தமிழ்ப்பிள்ளை அரிது. கண்ணேறு பற்றிய அச்சமும் இதனோடு சேரும். அன்பினால் சொல்லப்படுவதே ஆயினும், மகிழ்ச்சியை ஒளித்துவைக்க வேண்டும் என்றே குழந்தை அதனைப் புரிந்துகொள்கிறது. பள்ளியில் நிகழ்ந்த நற்செய்தியோடு ஓடிவரும் மகளிடம் “முதல்ல கால கழுவு” என்பதும் அத்தகையதே. இரண்டு நாள் இப்படி நிகழ்ந்தால் மூன்றாம் நாள் அவள் சொல்லமாட்டாள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018ஆம் ஆண்டு முதல் மகிழ்ச்சிக்கெனத் தனிப் பாடவேளை ஒதுக்கப்பட்டது. வீட்டில் அதற்கு வாயிற்படியில் ஐந்து நிமிடம் போதும்.

மறுபுறத்தில், மகிழும்படி வற்புறுத்துவதும் உண்டு. பாண்டியன் அறிவுடைநம்பி, சோற்றைத் துழவி மேனியெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைப் புறநானூற்றில் (188) பாடினார். அது காண்போர் பெறும் உவகை. சோற்றில் கைவைத்த குழந்தை பெற்ற உவகை எது என்பதை அக்குழந்தைதான் சொல்லவேண்டும். வைகைக் கூட்டத்தில் அஞ்சி முகம் புதைக்கும் பிள்ளையைப் படமெடுக்க, “சிரி, சிரி” என்கிறோம். அச்சமும் உவகையும் ஒருங்கே எழலாம் என்பதை அங்குச் சொல்லித்தரலாம். “பயமாவும் இருக்கு, பாக்கணும்போலவும் இருக்கா?” என்று தந்தை மெல்லக் கேட்கிறார். பிள்ளை தலையசைக்கிறது, பிறகு, விரலிடுக்கு வழியே குதிரையைப் பார்க்கிறது.