கண் சிவப்பு போனால் நோயும் போச்சா?



குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்கு ஒரு கண் சிவந்தது. வலியும் இருந்தது, வெளிச்சம் பட்டால் கூசியது. 'மெட்ராஸ் ஐ'யாக இருக்கும் என்று கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். நாலு நாளில் சிவப்பு குறைந்தது. "அதான் சரியாப் போச்சே, ஒரு நாள் கூலியை விட்டுட்டு டாக்டர்கிட்ட எதுக்குப் போகணும்?" என்று இருந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து ரேஷன் கார்டு எழுத்தே மங்கலாகத் தெரிந்தது. கோவைக்குப் போய்ப் படம் எடுத்த பிறகுதான் கண்ணுக்குள் வீக்கம் இருப்பது தெரிந்தது.

இது என்ன நோய்?

கண்ணின் நடுப்படலத்தில் வரும் அழற்சி இது. டாக்டர்கள் 'யுவைட்டிஸ்' என்பார்கள். காசநோய், மூட்டு நோய், எலிக்காய்ச்சல் போன்றவற்றால் வரலாம். சிலருக்குக் காரணமே தெரியாது. மதுரையில் 1993-ல் பெருவெள்ளம் வந்தது. அதன் பின் எலிக்காய்ச்சல் பரவி, பலருக்குக் கண்ணும் பாதித்தது. அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் அப்படி 73 பேரை ஆராய்ந்து 1997-ல் எழுதினார்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணில் இருந்து இந்தக் கிருமி உடம்புக்குள் போகிறது. காய்ச்சல் விட்டுப் பல வாரம், மாதம் கழித்தும் கண்ணில் நோய் வரலாம். ஈரத் தோட்டத்தில் வேலை செய்யும் நாம் இதை மறக்கக் கூடாது.

படம் எடுத்தால் வலிக்குமா?

வலிக்காது. ஊசி இல்லை, கத்தி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. தாடையை வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைப் பார்த்தால் போதும். சில நிமிடத்தில் முடியும். இதற்கு 'ஓ.சி.டி.' என்று பெயர். 1991-ல் அமெரிக்காவில் இந்த முறையை வெளியிட்டார்கள். வெளிச்சத்தைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும். விழித்திரையின் நடுப்பகுதி சுமார் கால் மில்லிமீட்டர் கனம்தான். அதில் நீர் கோத்துக் கொஞ்சம் தடித்தாலும் படத்தில் தெரியும்.

ஒரு தடவை எடுத்தால் போதாதா?

நம் பாஸ்புக்கில் ஒரு வரியை மட்டும் பார்த்தால் சேமிப்பு ஏறுதா, இறங்குதா என்று தெரியாது. இதுவும் அப்படித்தான். போன படத்தோடு இந்தப் படத்தை வைத்துப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

நாம் செய்ய வேண்டியவை:

* கண் சிவப்போடு வலி, கூச்சம், மங்கல் இருந்தால் உடனே கண் டாக்டரிடம் போங்கள். சிவப்பே இல்லாமல் மங்கல் மட்டும் இருந்தாலும் போங்கள்.
* கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடாதீர்கள். கண்ணில் அழுத்தமும் புரையும் வரலாம்.
* டாக்டர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* பழைய படம், சீட்டு எல்லாம் ஒரே பையில் வைத்து எடுத்துப் போங்கள்.
* பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஆள் வேண்டும்.

அந்த அக்காவுக்கு இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. "முதல்லயே போயிருக்கலாம்" என்கிறார்.

பஸ் செலவுக்கு உள்கடன் கொடுக்கலாமா, துணைக்கு யார் போவது என்று அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.